அப்பாவின் தகரப் பெட்டியும் அண்ணனின் அறுபது லட்சமும்

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு புலிகள் காப்பகத்தின் கோர் எனப்படும் மையப் பகுதிக்குள் இருக்கிறது எங்கள் ஊர். 43 வீடுகள். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து நெல் விவசாயம். மூன்று ஏக்கருக்குப் பட்டா இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் அனுபவத்தில் மட்டும்தான். வனத்துறையினர் வீடு வீடாகக் கணக்கெடுத்துவிட்டு, குடும்பத்துக்கு 15 லட்சம், வெளியேறச் சம்மதமா என்று கேட்கிறார்கள். அண்ணன் போய்விடலாம் என்கிறார். நம் வீட்டுக்கு மட்டும் 60 லட்சம் வரும் என்கிறார், எப்படி என்று சொல்வதில்லை. உயிரோடு இருக்கும்வரை நகர மாட்டேன் என்கிறார் அப்பா. பாட்டி யாரிடமும் பேசுவதில்லை. ஊரிலும் இதே பிளவு. பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பில் 14 வீடுகள். அவர்களிடம் ஒரு காகிதமும் கிடையாது, கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. வரும் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடப் போகிறார்களாம். நாங்கள் மறுக்க முடியுமா? மற்றவர்கள் போய் நாங்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? பட்டா இல்லாத நிலத்துக்கு ஏதாவது கிடைக்குமா? எனக்கு 26 வயது. வரன் ஒன்று கூடி வந்திருக்கிறது, இந்தக் கணக்கு முடியட்டும் என்று அண்ணன் கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறார். வீட்டில் அது வேறு சண்டை. பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்: மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காத நான்காவதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டுச் சண்டையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் அண்ணனின் கணக்கு தவறில்லை. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2008இல் வகுத்த வழிகாட்டுதலில் 'குடும்பம்' என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் என்ற நம் கணக்கல்ல. கணவன், மனைவி, பதினெட்டு வயதாகாத பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம். பதினெட்டு வயது கடந்த மகன், மணமானாலும் ஆகாவிட்டாலும், தனிக் குடும்பம். கணவனை இழந்த பெண் தனிக் குடும்பம். பதினெட்டு வயது கடந்த, மணமாகாத மகளும் தனிக் குடும்பம். அப்பா அம்மா ஒன்று, அண்ணன் ஒன்று, பாட்டி ஒன்று, நீங்கள் ஒன்று. நான்கு பதினைந்து அறுபது.

கல்யாணம் ஏன் தள்ளிப் போகிறது என்று இப்போது புரிந்திருக்கும். தாலி ஏறிவிட்டால் அந்த நான்காவது குடும்பம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மணமான மகளுக்கு அதில் இடமில்லை. அண்ணனை உடனே கெட்டவராக்கிவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் தொகை குறையக் கூடாது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கில் ஒன்று உங்கள் பெயரில் வருவது, பாட்டியுடையது பாட்டியின் பெயரில் வருவது. இதை வீட்டில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் பெயரிலும் பாட்டி பெயரிலும் தனித்தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள், கூட்டுக் கணக்கு வேண்டாம். பட்டியலுக்கான தகுதி நாள் எது, அதாவது எந்த நாளின் நிலையை வைத்துக் குடும்பங்களை எண்ணுகிறார்கள் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அந்த நாள் கடந்திருந்தால், கல்யாணத்தைத் தள்ளிப்போட யாருக்கும் காரணமே இல்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. மறுக்க முடியும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல், 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 38வி என்ற பிரிவு இருக்கிறது. புலிகள் காப்பகத்தில் வாழும் பழங்குடியினரையும் பிற வனவாசிகளையும் அவர்களே விரும்பி, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி அல்லாமல் இடம் மாற்றக் கூடாது என்கிறது அது. அதோடு நிற்காமல் ஒரு வரிசையும் வைக்கிறது. முதலில் அங்கே வாழ்பவர்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். அதன்பின், மக்கள் அங்கே இருப்பதால் புலிக்கும் அதன் வாழிடத்துக்கும் சரிசெய்ய முடியாத கேடு வருகிறது என்பது, அந்தப் பகுதியை அறிந்த சூழலியல், சமூகவியல் அறிஞர்களின் ஆலோசனையோடு நிலைநாட்டப்பட வேண்டும். சேர்ந்து வாழ வேறு வழியில்லை என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். பிழைப்புக்கு வழி சொல்லும் மறுவாழ்வுத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்குக் கிராம சபையும் சம்மதிக்க வேண்டும், பாதிக்கப்படும் ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். போகிற இடத்தில் நிலமும் வசதிகளும் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இந்த வரிசை தலைகீழாகப் போகிறது. உரிமை அங்கீகாரம் தொடங்கவே இல்லை, சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பாவும் அண்ணனும் போவதா இருப்பதா என்று மல்லுக்கட்டுகிறார்கள். நான் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் இருவரையும் பார்த்து, 'அந்தக் கேள்வி இன்னும் உங்களிடம் வந்து சேரவே இல்லை, அதற்கு முன்னால் நடக்க வேண்டியது நடக்கவில்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். போக விரும்பும் அண்ணனுக்கும் இந்த வரிசை தேவை. உரிமை எழுத்தில் இல்லாதவன் எதை விட்டுக்கொடுத்ததற்காக இழப்பீடு கேட்பான்?

ஏன் இப்போது வந்திருக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். 2024 ஜூனில் ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நாடு முழுவதும் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிக்குள் இன்னும் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்துக்கு முன்னுரிமை கொடுத்துக் கால அட்டவணை போடுங்கள் என்றது. மேலிருந்து அட்டவணை கேட்டால் கீழே இருப்பவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். அந்த வனக்காப்பாளர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

உங்கள் கையில் ஏன் காகிதம் இல்லை என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயம் கொடுப்பதற்கு 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு குறுக்கே நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அது விலகியது. அடுத்த ஆண்டே, புலிகள் காப்பக மையப் பகுதிகளில் இந்த உரிமைகளை வழங்க வேண்டாம் என்று ஆணையம் ஓர் உத்தரவு போட்டு, 2018இல் தானே திரும்பப் பெற்றது. எட்டு ஆண்டு ஒரு தடை, ஓராண்டு இன்னொன்று. நடுவில் உங்கள் அப்பா மனு கொடுத்திருந்தாலும் ஏதாவது ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். ஆகவே 'இத்தனை நாள் என்ன செய்தீர்கள்' என்று யாராவது கேட்டால் தலைகுனிய வேண்டியதில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கத்து ஒன்றரை ஏக்கருக்கு வருகிறேன். நீங்கள் பழங்குடியினர் அல்ல என்பதால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், உங்கள் குடும்பம் வனத்தில் வாழ்ந்து அதைச் சார்ந்து பிழைத்திருக்கிறது என்று காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930. கொள்ளுத்தாத்தா பெயரில் பட்டாவோ தீர்வை ரசீதோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த 75 ஆண்டு குடியிருப்புக்கான கணக்கு. அந்த ஒன்றரை ஏக்கரையே 75 ஆண்டுகளாக உழுதிருக்க வேண்டும் என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். நிலத்தைப் பொறுத்தவரை 2005 டிசம்பர் 13 அன்று உங்கள் அனுபவத்தில் இருந்திருந்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை கோரலாம்.

சாட்சியம் என்றதும் எல்லோரும் பத்திரத்தைத் தேடுகிறார்கள். இந்தச் சட்டத்தின் விதிகள் அப்படிக் கேட்கவில்லை. பழைய கிணறு, வரப்பு, மூதாதையர் சமாதி, குலதெய்வம் நிற்கும் மரத்தடி, ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலம் எல்லாமே சாட்சியம். இரண்டு வகை இருந்தால் போதும். எல்லாவற்றையும்விடச் சுவையான சாட்சி பி மெமோ. 'அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறாய்' என்று வருவாய்த்துறை கொடுத்த நோட்டீஸையும் அபராதம் கட்டிய ரசீதையும் பார்த்துப் பார்த்து உங்கள் தாத்தா வெட்கப்பட்டிருப்பார். இன்று அந்தத் தாள்தான் 'இந்த ஆண்டில், இந்த நிலத்தில், இவர் உழுதுகொண்டிருந்தார்' என்று அரசே கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று. வனத்துறை போட்ட பழைய வழக்குகளின் ரசீதுகளுக்கும் இது பொருந்தும். அப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கும். எல்லா அப்பாக்களிடமும் இருக்கிறது.

பட்டா நிலம் மூன்று ஏக்கர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். பதினைந்து லட்சம் என்பது குடும்பத்துக்குத் தரும் தொகை, நிலத்துக்கு அல்ல. சொந்தமாக ஆறு ஏக்கர் வயல் வைத்திருப்பவருக்கும் அதே தொகை, அவர் வயலில் கூலிக்கு வந்தவருக்கும் அதே தொகை. முதுமலையில் பென்னை, நெல்லிக்கரை, முதுகுளி பக்கத்து மவுண்டாடன் செட்டி விவசாயிகள், தங்களைக் காட்டுக்கு வெளியே குடியமர்த்துங்கள் என்று தாங்களே உயர் நீதிமன்றத்தை நாடியவர்கள். யானை, மின்சாரமின்மை, சாலையின்மை, பெண் கொடுக்க வெளியூரார் தயங்குவது என்று அவர்கள் அடுக்கிய காரணங்கள் எல்லாம் உங்கள் அண்ணன் சொல்வதைப் போலவே இருக்கும். பல ஆண்டுகள் காத்திருந்து இடமாற்றம் நடந்தபோது, அன்றைய பத்து லட்சம் நிலமுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுதான் என்பதில் நிலமுள்ளவர்களுக்குக் கடுமையான மனக்குறை. விரும்பிப் போனவர்களும் நொந்துகொண்டே போனார்கள்.

என் கருத்து இது: பட்டா நிலத்தைப் பதினைந்து லட்சத்துக்குள் கரைத்துவிடச் சம்மதிக்காதீர்கள். சரணாலயத்துக்காகத் தனியார் நிலத்தை எடுக்க வேண்டுமானால் ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டு, உரிமை கோருபவர்களை விசாரித்து, விலை நிர்ணயித்துக் கையகப்படுத்தும் முறை வனவிலங்குச் சட்டத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சந்தை மதிப்பைக் கிராமப்புறத்துக்கான பெருக்கல் காரணியால் பெருக்கி, நிலத்தில் நிற்கும் மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும். 'விருப்ப இடமாற்றம்' என்ற சொல்லுக்குள் நிலத்தை வைத்துக் கொடுத்தால் இந்தக் கணக்கே எழாது. அதனால்தான் 'விருப்பம்' என்ற சொல்லை நான் எப்போதும் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

பணமாக வாங்காமல், துறையே நிலமும் வீடும் தரும் இரண்டாவது வழியும் உண்டு. அதன் உள்கணக்கையும் பாருங்கள். 2008 பங்கீட்டின்படி மொத்தத் தொகையில் 35 சதவீதம் இரண்டு ஹெக்டேர் விவசாய நிலம் வாங்கிச் சீர்படுத்த. பதினைந்து லட்சத்தில் அது 5,25,000 ரூபாய். இரண்டு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய ஐந்து ஏக்கர். ஏக்கருக்கு ஒரு லட்சத்துச் சொச்சத்தில் தண்ணீர் வசதியுள்ள நிலம் உங்கள் மாவட்டத்தில் எங்கே கிடைக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள், நானும் இரண்டு ஏக்கர் வாங்கிப் போடுகிறேன். வீட்டுமனைக்கும் வீடு கட்டவும் 20 சதவீதம், மூன்று லட்சம். அரசிடம் ஏற்கெனவே நல்ல நிலம் இருந்தால் மட்டும் இந்த வழி பலன் தரும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக் குடியிருப்பு மக்கள் என்னிடம் வந்தார்கள். போக முடிவு செய்துவிட்டார்கள், ஆவணங்களைப் பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். பார்த்தேன். புல எண், பரப்பு, வரைபடம் எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்து போடலாம் என்றேன். மாற்றிடத்துக்கு நான் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது ஐப்பசி மாதத்தில், ஓடை நிறையத் தண்ணீர். குடிபோன முதல் சித்திரையில் அந்த ஓடையில் மணல்தான் இருந்தது. கிணற்றில் ஊற்று இல்லை. வாரம் இரண்டு நாள் லாரித் தண்ணீர். ஓராண்டுக்குள் ஐந்து குடும்பங்கள் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே எஸ்டேட் கூலிக்குத் திரும்பிவிட்டன. அந்தக் குடியிருப்பின் பெரியவர் என்னைக் குறை சொல்லவில்லை, பார்த்தால் வணக்கம் சொல்வார், அதுதான் இன்னும் கஷ்டம். மாற்றிடம் காட்டுகிறோம் என்றால் ஏப்ரல், மே மாதத்தில் காட்டச் சொல்லுங்கள். பெண்கள் போய்ப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம், விறகு எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஆண்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நன்றாக நடந்த இடமும் உண்டு, மறைக்கக் கூடாது. கர்நாடகத்தின் பத்ரா சரணாலயத்திலிருந்து 2001, 2002இல் 11 கிராமங்களின் 419 குடும்பங்கள் வெளியே வந்தன. நிலமுள்ளவர்களுக்கு வெளியே பாசன நிலம் கிடைத்தது, பள்ளியும் சாலையும் அருகில் இருந்தன. அங்கிருந்து வெளியேற மக்களே நெருக்கடி கொடுத்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. ஆனால் இடமாற்றப் பேச்சு தொடங்கியது 1974இல் என்பதை நினைவில் வையுங்கள். பாசன நிலம் கைக்கு வரும்வரை அவர்கள் நகரவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள். அவசரப்படுத்துகிற அதிகாரிகளிடம் நான் சொல்லும் கதை இது.

அதே மாநிலத்தில் நாகரஹொளெ வேறு கதை. பல பத்தாண்டுகளுக்கு முன் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு எஸ்டேட்டுகளில் கூலிகளாகிப்போன ஜேனு குருபர் பழங்குடிக் குடும்பங்கள், 2025 மே மாதம் காட்டுக்குள் இருந்த தங்கள் பழைய குடியிருப்புக்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டன. நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு ஊர் தன் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதை மறப்பதில்லை. இன்னொரு வழியைக் காட்டியவர்கள், சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள். புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011இல் சமூக வன உரிமையை வாங்கி, அங்கேயே இருக்கிறார்கள். அதன்பின் வந்த கணக்கெடுப்பில் அங்கே புலி குறையவில்லை, கூடியது. 'மனிதன் இருந்தால் புலி இருக்காது' என்று யாராவது உங்கள் ஊரில் வகுப்பெடுத்தால், அந்த மலையைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் ஊருக்கும் அதுவே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நெல் வயலும் தேன் எடுப்பதும் ஒன்றல்ல, உங்கள் வயலின் மின்வேலி யானைக்கு என்ன செய்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஊர் இரண்டாகிவிட்டது என்று வருந்தியிருக்கிறீர்கள். ஊர் ஒன்றாக இருந்தால்தான் நல்லது என்று நான் நினைக்கவில்லை. நீலகிரியின் சீகூர் பகுதியில் 2010இல் யானை வழித்தடம் அறிவிக்கப்பட்டபோது மசினகுடி வட்டாரமே ஒரே குரலாக எதிர்ப்பது போல இருந்தது. உள்ளே பார்த்தால் ஐம்பது அறை ரிசார்ட் வைத்திருந்தவரும் ஒரு ஏக்கரில் எருமை மேய்த்தவரும் ஒரே பதாகையைப் பிடித்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் 2011இலும் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் வழித்தடம் சரி என்றன. தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. அந்த ஏக்கர் நிலக்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே தனியாகச் சொல்ல வேறு வாதம் இருந்தது, பெரியவர் கூட்டத்தில் அது கேட்கவில்லை. உங்கள் ஊரிலும் 43 வீட்டுக்கும் ஒரே பதில் வேண்டும் என்று யார் அழுத்துகிறார்களோ, அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். போக விரும்புபவர் போகட்டும், இருக்க விரும்புபவர் இருக்கட்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதலாம். உரிமை அங்கீகாரம் முடியும்வரை எவரும் கையெழுத்திடுவதில்லை என்ற ஒன்றில் மட்டும் இரு தரப்பும் சேர்ந்து நிற்க முடியும். அப்பாவும் அண்ணனும் ஒத்துப்போகக்கூடிய ஒரே வரி அதுதான்.

அந்தப் பதினான்கு வீடுகள் பற்றி எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி அது. அவர்களுக்கு 75 ஆண்டுக் கணக்கு தேவையில்லை, 2005 டிசம்பர் 13க்கு முன் அங்கே இருந்தால் போதும். சட்டத்தின் முன் அவர்கள் உங்களைவிட வலுவானவர்கள். ஊர் வழக்கத்தில் உங்கள் வயலில் கூலிக்கு வருபவர்கள் என்பதால் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இது வனத்துறை செய்த தவறல்ல, உங்கள் ஊர் செய்தது. அவர்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் தீர்மானம் செல்லாது என்பதோடு, அவர்கள் இல்லாமல் போனால் உங்கள் வழக்கும் பாதி வலுவிழக்கும். இன்னொன்று: முதுமலையில் இடம்பெயர்ந்த பழங்குடியினரின் இழப்பீட்டுப் பணத்தை இடையில் நின்றவர்கள் சுருட்டியதாகப் புகார் எழுந்து காவல்துறைவரை போயிருக்கிறது. உங்கள் பக்கத்தில் 'நிலம் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வெற்றுத்தாளில் கைரேகை வாங்கிக்கொண்டு திரிகிறாரா என்று பாருங்கள். முதலில் அந்தக் குடியிருப்புக்குத்தான் போவார்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு வருவோம். அது ஊராட்சியின் கிராம சபை. ஊராட்சி அலுவலகம் உங்களிடமிருந்து எவ்வளவு தூரமோ, அங்கே வேலைத்திட்டத்துக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடும் கூட்டத்தில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ உங்கள் ஊரின் தலைவிதியும் இருக்கும். வன உரிமைச் சட்டத்தில் பழைய குடியிருப்புகளும் 'கிராமம்' என்ற வரையறைக்குள் வரும், உங்கள் ஊரின் சபை உங்கள் ஊரில்தான் கூட வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். அக்டோபர் 2க்கு முன்பே, இந்தப் பொருளை அங்கே எடுத்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபம், எங்கள் குடியிருப்பிலேயே சபையைக் கூட்டுங்கள், வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவர், கோட்டாட்சியர், ஆட்சியர் மூவருக்கும் மனு அனுப்புங்கள். சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபால். கூட்டத்துக்கும் நாலைந்து பேர் போங்கள், தீர்மானப் புத்தகத்தில் வெற்றிடத்துக்குக் கீழே கையெழுத்து போடாதீர்கள். வருகைப் பதிவு என்று நினைத்துப் போட்ட கையெழுத்து சம்மதமாக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, மற்றவர்கள் போய் நீங்கள் மட்டும் இருந்தால்? சட்டப்படி இருக்கலாம். இதோடு ஒரு வழக்கறிஞர் நிறுத்திக்கொண்டால் அவர் அந்த ஊரில் ஒரு இரவு தங்கியதில்லை என்று பொருள். பிள்ளைகள் இல்லாத பள்ளி மூடப்படும். பயணிகள் இல்லாத பஸ் நிற்கும். தரிசாகக் கிடக்கும் நாற்பது வீட்டு வயலில் புல் வளர்ந்தால் மானும் யானையும் உங்கள் வாசலுக்கே வரும், இரவுக் காவலுக்குப் பரணில் உட்கார உங்கள் அப்பாவைத் தவிர ஆள் இருக்காது. அப்பாவுக்கு வயது எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. அவர் நகர மாட்டேன் என்று சொல்வதை நான் மதிக்கிறேன், ஆனால் எத்தனை வீடுகள் இருந்தால் இந்த ஊரில் வாழ முடியும் என்ற எண்ணை அவர் வாயால் கேட்டுப் பாருங்கள். பத்து என்பாரா, பதினைந்து என்பாரா? அந்த எண்ணுக்கு மேல் இருக்க விரும்புபவர்கள் இருந்தால் ஒரு வழக்கு, இல்லாவிட்டால் வேறு பேச்சுவார்த்தை. அண்ணனையும் உட்கார வைத்து இதைக் கேளுங்கள். அண்ணியைப் பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், அதையும் அப்பா கேட்க வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, ஆகவே மனு உங்கள் பெயரிலேயே போகட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மூன்று கேளுங்கள்: உங்கள் ஊரின் கணக்கெடுப்புப் பட்டியல், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு கூடியிருந்தால் அதன் கூட்டக் குறிப்பு, சேர்ந்து வாழ வழியில்லை என்று முடிவெடுத்த அறிக்கை. மூன்றாவது இருக்காது என்பது என் ஊகம். இல்லை என்று அவர்கள் எழுத்தில் சொல்வதுதான் உங்களுக்குத் தேவை.

பாட்டியிடம் பேசுங்கள். யாரிடமும் பேசாமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் முதன்முதலில் யார் காடு திருத்தினார், எந்த ஆண்டு, எந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, சமாதிகள் எங்கே என்பதைச் சொல்லக்கூடியவர் இப்போது அவர் ஒருவர்தான். சொல்லச் சொல்ல எழுதி, வன உரிமைக் குழு அமைந்ததும் அதன் முன்னிலையில் கைரேகை வாங்குங்கள். தகரப் பெட்டியில் பி மெமோ ரசீதுகள் கிடைத்தால் நகல் எடுத்துவிட்டு அசலைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பின்பக்கத்து முத்திரையையும் மையையும் விசாரணையில் பார்ப்பார்கள்.